விட்டுப்போனவரிடம் பிள்ளைச் செலவு கேட்பது எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு 4 வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போனார். நான் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனபோது அவளுக்கு 11 வயது. இடையில் போன 7 வருடத்துக்கும் ஒரு கொப்பியில் கணக்கெழுதிக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடச் சப்பாத்து, டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், டியூஷன் காசு எல்லாம் தேதியோடு இருந்தன. சட்டத்தரணி அக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு முதல் வழக்கு ஏதும் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இண்டையில இருந்துதான் கணக்கு" என்று கொப்பியை மூடித் தந்தார்.

அந்த வசனம் எனக்கு 7 வருடத்துக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருடன் நீதிமன்ற வாசல் வரை போய் வந்துவிட்டேன். சட்டம் படித்தவள் அல்ல, நடந்து பழகியவள். அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக அல்லாமல், முன்னால் போனவள் சொல்லும் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் கட்டளை இருக்கிறதா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நாங்கள் தாபரிப்பு வழக்கு என்று சொல்வது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது. 1889 ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. இதன்படி நீதவான் மாதாமாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று கட்டளையிடுவார். அந்தக் கட்டளை பொதுவாக நீங்கள் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து செல்லும். அதற்கு முன் கடன்பட்டு, நகை அடகு வைத்துப் பிள்ளையை வளர்த்த மாதங்கள் இந்தக் கணக்கில் வருவது அரிது.

எனவே நீங்கள் இரண்டில் ஒரு நிலையில் இருப்பீர்கள். எப்போதோ வழக்குப் போட்டுக் கட்டளை வாங்கினீர்கள், அவர் சில மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார் என்றால், கட்டாத ஒவ்வொரு மாதமும் நிலுவையாக நிற்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு வழி உண்டு. கட்டளையே இல்லையென்றால் போன காலத்தை நினைத்து இன்னும் இரண்டு மாதம் யோசிக்க வேண்டாம். அந்த இரண்டு மாதமும் போன கணக்கில்தான் சேரும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அங்கே அவர் "மாதம் 15,000 தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்ட கடதாசியைப் பலர் பத்திரமாக வைத்திருப்பார்கள். கோவில் தலைவர் முன்னால், ஜி.எஸ். (கிராம சேவகர்) முன்னால் எழுதியதும் உண்டு. அவற்றை எறிந்துவிடாதீர்கள், வழக்கில் நல்ல சாட்சி. ஆனால் அவை நீதவானின் கட்டளை ஆகா. அவர் கட்டாவிட்டால் அந்தக் கடதாசியைக் காட்டிப் பிடியாணை வாங்க முடியாது. அதேபோல, "இனி ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று கோபத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். செலவுக்காசு பிள்ளையின் உரிமை. அதைத் தாய் எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது.

யாருக்காக, யார் கேட்கலாம்

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக, பிள்ளையை வைத்திருப்பவர் கேட்கலாம். அம்மா வெளிநாட்டில், அப்பா எங்கேயோ, பிள்ளை அம்மம்மாவிடம் என்றால் அம்மம்மாவே கேட்கலாம். சட்டம் "பெற்றோர்" என்றுதான் சொல்கிறது. விட்டுப்போனது தாயாக இருந்து, அவருக்கு வருமானமும் இருந்தால், தந்தையும் அவரிடம் கேட்கலாம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

"பிள்ளை பெரிசாகிட்டுது, இனி என்ன" என்று விட்டுவிடுபவர்களுக்கு: 18 இலிருந்து 25 வயது வரை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் மகனோ மகளோ தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அறை வாடகையும் பஸ் காசும் யார் தருவது? இயலாமை உள்ள பிள்ளைக்கோ வயதெல்லையே இல்லை.

விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆகியிருந்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. அவர் வேறு குடும்பம் வைத்திருப்பதும் தப்பிக்கும் காரணமல்ல, தொகையை முடிவு செய்யும்போது அதையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பதிவுத் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். ஆனால் அப்பா இவர்தான் என்பதை நீதவான் நம்பும்படி வலுவான சாட்சியோடு காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் எழுதிய கடிதங்கள், அனுப்பிய காசு, பிள்ளையோடு எடுத்த படங்கள், சேர்ந்து வாழ்ந்ததைக் கண்ட அயலவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். டிஎன்ஏ சோதனை பற்றிச் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை என்றால் கணவனின் பிள்ளை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எந்த நீதிமன்றம்

நீங்கள் இருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் கொழும்பில் இருக்கிறார், வவுனியாவில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. உங்கள் கிராமம் எதற்குள் வருகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார். நீதிமன்றத்தில் பேசுவது விளங்காத மொழியில் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. தலையாட்டிவிட்டு வெளியே வந்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளுக்கு: கணவனும் மனைவியும் இருவரும் முஸ்லிம்கள் என்றால் முதலில் காதி நீதிமன்றம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தின்படி பிள்ளைச் செலவை அங்கேதான் கேட்க வேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காதியார் தீர்த்த தொகையை அவர் கட்டாவிட்டால் அது நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடப்படும்.

கடதாசிகள்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, ஜி.எஸ். தரும் வதிவிடச் சான்று, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், மருந்துச் செலவு இருந்தால் கிளினிக் கொப்பி. யுத்தத்திலும் சுனாமியிலும் சான்றிதழ்களை இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த தேதியும் ஆஸ்பத்திரியும் சொன்னால் தேடுவார்கள். இதற்கு நாள் எடுக்கும் என்பதால் இதையே முதல் வேலையாகச் செய்யுங்கள்.

பழைய கட்டளை இருந்தவர்கள் வழக்கிலக்கத்தைத் தேடுங்கள். பழைய தவணைத் துண்டில், பழைய சட்டத்தரணியின் கடிதத்தில் எங்காவது இருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு நீதிமன்றப் பதிவகத்தில் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

அவர் எங்கே, என்ன உழைக்கிறார்

வழக்குகள் இழுபடுவது பெரும்பாலும் இங்கேதான். நீதவான் கேட்கும் முதல் கேள்வியே "இவருக்கு என்ன வருமானம்?" என்பது. "தெரியாது ஐயா" என்று சொன்னால், அவர் சொல்லும் தொகைதான் மிஞ்சும். அவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அரசாங்க வேலை, மா ஆலை, சீமெந்து ஆலை, துறைமுகம், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் என்று சம்பள வேலை என்றால் சுலபம். எந்த அலுவலகம், எந்தப் பதவி என்று மட்டும் சரியாக எழுதிக் கொடுங்கள். சம்பள விபரத்தைக் கேட்டு நீதிமன்றமே எழுதலாம்.

கஷ்டம் கடற்றொழிலில். என் ஆளும் கடலுக்குப் போகிறவர்தான். நவம்பரிலிருந்து வாடைக் காலத்தில் எங்கள் கடல் கொந்தளித்துக் கிடக்கும், தொழில் இராது, இதை யாரும் மறுக்க முடியாது. அவர் தவணைக்கு வந்து சொன்னதும் அதைத்தான்: "கடல் இல்லை ஐயா, வருமானம் இல்லை." அந்தத் தவணை டிசம்பரில் விழுந்திருந்தது. அவர் சொன்னது பொய்யல்ல, ஆனால் வருடத்தில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான் உண்மை. மற்ற மாதங்களைக் காட்ட வேண்டியது என் வேலை. படகு யார் பெயரில் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகியிருக்கிறது, வெளியிணைப்பு இயந்திரம் எத்தனை குதிரைவலு, கூட்டுறவுச் சங்கத்தில் அவர் அங்கத்தவரா, மீனை எந்த முதலாளிக்குக் கொடுக்கிறார், தொழிலுக்கு எத்தனை ஆளை ஏற்றுகிறார் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆளுக்குக் கூலி கொடுக்கிறவருக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுக்க இல்லையா என்று என் சட்டத்தரணி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

முச்சக்கரவண்டி, மேசன் வேலை, வயல் என்று எதுவானாலும் இதே வழிதான். வாகன இலக்கம், கட்டும் வீடு, குத்தகை வயல் என்று கண்ணால் காணக்கூடியதை எழுதுங்கள். வேலை செய்யக்கூடிய உடம்பை வைத்துக்கொண்டு வேலை இல்லை என்பவரின் பேச்சை நீதவான்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. முகநூலில் அவரே போட்ட புது மோட்டார் சைக்கிள் படம் கூட உதவும். அச்செடுத்து, தேதியும் குறித்து வையுங்கள். ஆனால் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்து ஆதாரம் எடுக்கப் போகாதீர்கள். அது உங்கள் மேலேயே ஒரு முறைப்பாடாகத் திரும்பி வரும்.

முகவரி தெரியாவிட்டால் அவருடைய தாய் தகப்பன் வீட்டு முகவரி, வேலையிடம், அவருடைய கிராமத்து ஜி.எஸ். பிரிவு இவற்றைக் கொடுங்கள். அழைப்பாணை கையில் கிடைக்காமல் வழக்கு நகராது. அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் போய் "ஆள் இல்லை" என்று திருப்பி எழுதினால் ஒரு தவணை வீண். எந்த நேரம் வீட்டில் நிற்பார் என்றும் சொல்லி வையுங்கள். என் வழக்கில் மூன்று தவணை இப்படியே போனது.

விண்ணப்பமும் தவணைகளும்

சட்டத்தரணிக்குக் காசில்லையா? 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்களின் சட்டத்தரணிகள் வழக்குப் பேசுவார்கள். தாபரிப்பு அவர்களுக்கு அன்றாட வேலை. வருமானத்துக்கு ஜி.எஸ். கடிதத்தையும் கொண்டு போங்கள். எங்கே தொடங்குவது என்றே விளங்காமல் இருந்தால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். அடி, மிரட்டல் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் நீதவானிடமே கேட்க முடியும்.

விண்ணப்பத்தோடு சத்தியக் கடதாசி ஒன்று போக வேண்டும். எப்போது திருமணம், எப்போது போனார், என்ன தந்தார், என்ன தரவில்லை, அவருடைய வருமானம் என்ன, பிள்ளையின் மாதச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். அதில் ஒரு சொல் கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். "ஒரு சதமும் தரவில்லை" என்று எழுதிவிட்டு, தீபாவளிக்கு அவர் 5,000 அனுப்பிய துண்டு வெளியே வந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து கெட்டுப்போகும். அவர் தந்ததையும் எழுதுங்கள்.

நீதவான் திருப்திப்பட்டால் சத்தியக் கடதாசியின் பிரதியோடு அவருக்கு அழைப்பாணை போகும். அழைப்பாணை கிடைத்தும் அவர் வராவிட்டால் ஒருதலையாக விசாரித்துக் கட்டளை தரலாம். வந்து மறுத்தால் விசாரணை. அது முடியும்வரை பிள்ளை சாப்பிடாமல் இருக்க முடியாது என்பதால் இடைக்காலக் கட்டளை கேட்கும்படி உங்கள் சட்டத்தரணிக்கு ஞாபகப்படுத்துங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

தவணைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது நீங்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகவும் கூடும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கூப்பிட்டால் ஒழிய. அப்பாவை அந்த இடத்தில் பார்க்க வைப்பது ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாத பாரம்.

தொகைக்கு நிலையான கணக்கு இல்லை. சம்பளத்தில் இத்தனை வீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய வருமானத்தையும் உங்கள் நிலைமையையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து நீதவான் தீர்மானிப்பார். வெளியே வராந்தாவில் வைத்து "6,000 க்கு முடிப்போம்" என்று பேரம் நடக்கும். உங்கள் செலவுப் பட்டியல் கையில் இருந்தால் அந்தப் பேரத்தில் தடுமாற மாட்டீர்கள். காசை வங்கிக் கணக்குக்குப் போடும்படி கேளுங்கள். கையில் தந்தால் தந்ததற்கும் சாட்சி இல்லை, தராததற்கும் சாட்சி இல்லை.

கட்டளை இருக்கிறது, காசு வரவில்லை

வருடக் கணக்கில் நிலுவை வைத்தவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. ஒரு தாளில் கோடு போட்டு மாதம், கட்ட வேண்டியது, கட்டியது, மிச்சம் என்று நாலு பகுதியாக எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தைப் புதுப்பித்து அதன் பிரதியை இணையுங்கள். மாதம் 10,000 வீதம் 30 மாதம் கட்டவில்லை என்றால் 3,00,000. இந்தத் தாளும் கட்டளைப் பிரதியும் புதிய சத்தியக் கடதாசியும் சேர்த்து, கட்டளையை அமுல்படுத்தும்படி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாகக் கேட்காவிட்டால் நீதிமன்றம் தானாக ஆள் அனுப்பாது. கட்டளை கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்தவர்கள்தான் பெரிய நிலுவையோடு நிற்கிறார்கள்.

நீதவான் என்ன செய்யலாம்? தண்டப்பணம் அறவிடுவது போல நிலுவையை அவரிடமிருந்து அறவிடப் பிடியாணை கொடுக்கலாம். சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கே கட்டளையிடலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இதில் என் அபிப்பிராயம்: சம்பளத்தில் கழிக்க வழி இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். சிறையில் இருப்பவர் உழைப்பதில்லை. ஆனால் சிறை வாசல் வரை போனவர்களுக்குத்தான் எங்கிருந்தோ காசு கிடைக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். பொலிஸ் வண்டி வரும் நேரம் மாமியார் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து நிலுவை கட்டிய கதை எங்கள் லேனில் உண்டு.

"தவணை முறையில் கட்டுகிறேன்" என்று அவர் கேட்பார். சம்மதிக்கலாம். ஆனால் நடப்பு மாதக் காசு தனி, நிலுவைத் தவணை தனி என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிலுவைக்குக் கட்டிய 5,000 ஐக் காட்டி இந்த மாதம் கட்டியாயிற்று என்பார். அவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தாலும், அங்கே நிறுத்தச் சொல்லாதவரை கட்டளை நடப்பிலேயே இருக்கும்.

வெளிநாட்டில் இருந்தால்

இலங்கையில் கட்டளை வாங்குவதுதான் இங்கும் முதற்படி. அதற்குப் பிறகு அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து தாபரிப்பு அறவிடுவதற்கான 1956 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, பிரித்தானியாவும் இருக்கின்றன. பிரித்தானியாவுடன் 1920 களிலிருந்தே தனிச் சட்ட ஏற்பாடும் உண்டு. அந்த நாடுகளில் முகவரியும் வேலையிடமும் தெரிந்தால் முயன்று பார்க்கலாம், மாதங்கள் அல்ல, வருடங்கள் எடுக்கும் என்ற மனதோடு. கனடா அந்த உடன்படிக்கையில் இல்லை. வளைகுடா நாடுகளும் இல்லை. அங்கே இருப்பவர்கள் விஷயத்தில் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு வரும் நாளைப் பார்ப்பதுதான் வழி. கோவில் திருவிழாவுக்கோ தங்கச்சியின் கல்யாணத்துக்கோ வருவார். அப்போது பிடியாணை ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும், வந்த பிறகு ஓடக்கூடாது.

கட்டளையை மாற்றுவது

முன்பு போட்ட தொகை இன்றைய அரிசி விலைக்குப் போதாது என்றால், பிள்ளை உயர்தரம் போய் டியூஷன் செலவு கூடினால், தொகையைக் கூட்டக் கேட்கலாம். அவரும் குறைக்கக் கேட்கலாம். நான் 2022 விலையேற்றத்துக்குப் பிறகு கூட்டிக் கேட்டேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது.

என் மகளுக்கு இப்போது 17. பிறந்தநாளுக்கு முன் அவளுக்கென்று தனி ஃபைல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வளாகம் கிடைத்தால் அடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்து அவளுடையது. சத்தியக் கடதாசியைத் தானே எழுதிப் பார்த்தாள். "தீபாவளிக்கு அனுப்பினதையும் போடட்டா அம்மா?" என்று கேட்டாள். போடு என்றேன்.